ரெராவில் நஷ்ட ஈடும் சேர்த்துக் கேட்கலாமா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்கு 40 லட்சம் ரூபாய் கட்டிவிட்டேன். ஒப்பந்தத்தில் சொன்ன தேதி தாண்டி இரண்டு வருடமாகியும் பில்டர் சாவி தரவில்லை. கட்டிய பணம், வட்டி, இதுவரை கொடுத்த வாடகை, மன உளைச்சலுக்கு 10 லட்சம் எல்லாவற்றையும் ஒரே மனுவில் தமிழ்நாடு ரெராவிடம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) கேட்கலாமா?

பதில்: கேட்டால் பாதிதான் நிற்கும். பணத்தைத் திருப்பித் தரவும் வட்டி தரவும் உத்தரவிடும் அதிகாரம் ரெரா ஆணையத்துக்கு உண்டு. நஷ்ட ஈட்டுத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 71-வது பிரிவு அதைத் தீர்ப்பு அலுவலரிடம் விட்டிருக்கிறது. அவர் மாவட்ட நீதிபதியாக இருப்பவராகவோ இருந்தவராகவோ இருக்க வேண்டும். 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவினையை உறுதிசெய்துவிட்டது.

எனவே இரண்டு மனு போடுங்கள். அசலும் வட்டியும் ‘எம்’ படிவத்தில், ஆணையத்திடம். வாடகையும் மன உளைச்சலும் ‘என்’ படிவத்தில், தீர்ப்பு அலுவலரிடம். மாற்றிப் போட்டால் “உரிய இடத்தில் கேட்டுக்கொள்ளவும்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும்.

முதல் மனுவில், வீடு வேண்டாம், விலகுகிறேன் என்பதை ஐயமில்லாமல் எழுதுங்கள். விலகாமல் காத்திருப்பவருக்கு அசல் கிடைக்காது. சாவி தரும் வரை மாதாமாதம் தாமத வட்டி மட்டுமே. வட்டி விகிதத்தை நீங்களாகப் போட வேண்டாம். ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்சிஎல்ஆருடன் (கடன்களுக்கு வங்கி வைத்திருக்கும் அடிப்படை வட்டி விகிதம்) 2 சதவீதம் என்று விதியே சொல்கிறது. அது 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 லட்சத்துக்கு ஆண்டுக்கு 4.4 லட்சம்.

நஷ்ட ஈட்டு மனுதான் பெரும்பாலும் சறுக்கும் இடம். 10 லட்சம் என்று மொத்தமாக எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். பில்டர் அடைந்த முறையற்ற ஆதாயம், உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு, தவறு திரும்பத் திரும்ப நடந்ததா என்பதையெல்லாம் 72-வது பிரிவுப்படி அலுவலர் பார்ப்பார். வாடகை ஒப்பந்தம், வாடகை போன வங்கிக் கணக்கு விவரம், பில்டருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக இணையுங்கள். கையெழுத்து ரசீது மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்தான். வீட்டுக்கடன் வட்டியைத் தனியாகக் கேட்பதிலும் கவனம் வேண்டும். கட்டிய தொகைக்கு வட்டி கொடுத்த பிறகு கடன் வட்டியையும் தரச் சொல்ல முடியாது என்று 2025-ல் மொகாலி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இரண்டு மனுவுக்கு அலைய முடியாது என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம், வட்டி, நஷ்ட ஈடு மூன்றையும் அங்கே ஒரே உத்தரவில் பெறலாம். ஆனால் அதே கோரிக்கையோடு ரெராவுக்கும் போகக் கூடாது. சிவில் நீதிமன்றத்துக்கோ 79-வது பிரிவு தடை போட்டிருக்கிறது.

உத்தரவு வந்ததும் பில்டர் மேல்முறையீடு செய்தால் பதற வேண்டாம். உங்களுக்குச் சேர வேண்டிய முழுத் தொகையையும் வட்டி, நஷ்ட ஈடு உட்பட முன்கூட்டியே கட்டினால்தான் ரெரா மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர் மனுவை விசாரிக்கும். மேல்முறையீடும் செய்யாமல், பணமும் தராமல் இருந்தால், 40-வது பிரிவின்கீழ் நில வரி பாக்கியைப் போல வசூலிக்கக் கோரி மனு கொடுங்கள்.