மேடையில் மரபு, மேசையில் மௌனம்

கேள்வி: அரசியலமைப்பு, மரபு என்று மேடையில் பேசுகிறார்கள். எங்கள் கடிதத்துக்கே பதில் இல்லை. அரசாங்கத்தை எப்படி நம்புவது?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: கோபம் நியாயம், தங்கச்சி. மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கோப்பு தூக்கியவன் நான். "நாளைக்கு வாங்க" என்று எத்தனை பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

ஆனால் 2018 நவம்பர் 9இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, தேநீர்க்கடையில் எல்லாரும் "பெரியவர் கையெழுத்து வைத்தால் முடிஞ்சுது" என்றார்கள். நானும் தலையாட்டினேன். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். அப்போதிருந்த அரசியலமைப்பின் 19ஆம் திருத்தப்படி, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலொழிய, பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் ஆகுமுன் கலைக்க முடியாதிருந்தது. ஜனாதிபதியும் தீர்ப்பை ஏற்றார். அந்த ஏற்றுக்கொள்ளலைத்தான் நான் மரபு என்பேன்.

சரி, உங்கள் கடிதம். எங்கள் ஒழுங்கை வடிகான் பாதியில் நின்றது. மூன்று கடிதம் போட்டேன், மூச்சில்லை. அப்புறம் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த வேலையின் செலவு மதிப்பீட்டுப் பிரதி கேட்டேன். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவும் முடியாது. பிரதி வந்தது. வடிகான் வரவில்லை, அது வேறு கதை.

நீங்களும் கடிதம் போட்ட அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுங்கள். கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்காமல் மட்டும் படியிறங்காதீர்கள்.