கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே போர்வை பின்னப் பின்னக் குறுகிக்கொண்டே போவது ஏன்?

பெரும்பாலும் ஒவ்வொரு வரிசையிலும் கடைசித் தையல் விடுபடுவதுதான் காரணம். டபுள் குரோஷே என்ற உயரமான தையலில் வரிசையைத் திருப்பியதும் போடும் 3 சங்கிலிக்கு (ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் கண்ணிகளுக்கு)த் திருப்புச் சங்கிலி என்று பெயர். மாடிக்கு ஏறும் ஏணி மாதிரி, புது வரிசையின் உயரத்துக்கு ஊசியை ஏற்றிவிடுவது அதுதான். வழக்கமாக முதல் தையலாகவும் அதுவே கணக்கில் சேரும். ஆனால் ஒல்லியாக, ஓரத்தில் சாய்ந்து நிற்பதால் திரும்பி வரும்போது கண்ணில் படாது. அதன் உச்சியில், 3-வது சங்கிலியில், கடைசித் தையலைப் போடாவிட்டால் வரிசைக்கு ஒன்று குறையும். 20 வரிசையில் 20 போய்விடும். அந்த 3-வது சங்கிலியைப் போட்ட கையோடு அதில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவிடுங்கள். பாப்கார்ன் போன்ற புடைப்புத் தையல் வரும் வரிசைகளில் கண் ஏமாறும், எண்ணியே ஆக வேண்டும்.

கை இறுக்கம்தான் காரணம் என்று நினைத்துப் பலர் பெரிய ஊசிக்கு மாறுகிறார்கள். தையல் எண்ணிக்கை குறைந்திருந்தால் எந்த ஊசியாலும் ஓரம் நேராகாது.