ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை: மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும்?

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிங்கப்பூரின் செனோக்கோவில் ஒரு கிடங்கில் மாதம் 2,100 வெள்ளிச் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஜொகூர் பாருவில் வாடகைக்கு வீடு எடுத்துத் தினமும் போய்வந்தால் கட்டுப்படியாகுமா, இரண்டு ஊருக்கும் நடுவே கட்டும் புது ரயில் வந்துவிட்டால் அலைச்சல் தீருமா என்பது கேள்வி. 2,100-ஐ 3.3-ஆல் பெருக்கி, ஏறக்குறைய 7,000 ரிங்கிட், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். பெருக்கல் சரிதான். நான் 2003-லிருந்து, கொரோனா தின்ற இரண்டு ஆண்டுகள் போக, ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இதே கடற்பாலத்தில் போய்வருகிறேன். எனக்குக் கழித்தல்தான் அதிகம் தெரியும், அதைச் சொல்கிறேன்.

(இந்தப் பதிலில் வெள்ளி என்றால் சிங்கப்பூர்ப் பணம், ரிங்கிட் என்றால் நம் மலேசியப் பணம். எங்கள் வீட்டில் இப்படித்தான் பிரித்துப் பேசுவோம்.)

என் வீடு மாசாயில். காலை 3.45-க்கு எழுந்து, 4.15-க்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினால் 4.45-க்கு மலேசியக் குடிநுழைவுச் சாவடியான சுல்தான் இஸ்கந்தர் கட்டடம். நமக்கு முன்னால் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் நிற்கும். கூரைக்குக் கீழே புகை கட்டிக்கொண்டு கண் எரியும். முகக்கவசம் எங்களுக்குக் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே பழக்கம். குடிநுழைவைத் தாண்டினால் 1,056 மீட்டர் கடற்பாலம், 1924-இல் திறந்தது. ஆளில்லாத இரவில் அதைக் கடக்க இரண்டு நிமிடம் போதும். திங்கட்கிழமை காலையில் இருபது நிமிடமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். நாள் ஒன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கும் இடம் அது. முன்னால் யாராவது ஒருவர் கையுறையைக் கழற்றிக் கடப்பிதழைத் தேடிக்கொண்டிருந்தால், அவருக்குப் பின்னால் இருக்கும் ஐம்பது பேரின் சம்பளத்திலும் அது கொஞ்சம் கை வைக்கும்.

2015 டிசம்பரில் ஒரு நாள், வடகிழக்குப் பருவமழை. சிங்கப்பூர்ப் பக்கத்து உட்லண்ட்ஸ் தானியங்கிச் சாவடியில் கட்டைவிரலை வைத்தேன், ரேகை ஏறவில்லை. சட்டையில் துடைத்தேன், சட்டையே நனைந்திருந்தது. மறுபடியும் சிவப்பு விளக்கு. பின்னால் ஒலிப்பான்கள். அதிகாரி வந்து ஓரமாக நிறுத்தச் சொல்லி, விரலைப் பார்த்துவிட்டு, துடைக்க ஒரு காகிதத் துண்டை நீட்டினார். குளிரில் ஊறி, விரல் கிழவர் விரல்போல் சுருங்கியிருந்தது. அன்று நாற்பது நிமிடம் தாமதம், அந்த மாத வருகைப் படி போயிற்று. அதற்குப் பிறகு மழைக்கோட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் பையில் ஒரு கைக்குட்டை எப்போதும் இருக்கும்.

மோட்டார் வேண்டாம் என்றால் பஸ் இருக்கிறது, 2015-லிருந்து ஷட்டல் தெப்ராவ் ரயிலும் இருக்கிறது. இந்த ரயில் டிக்கெட்டைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பொருளாதாரம் முழுவதும் புரிந்துவிடும். ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் போக 5 ரிங்கிட். உட்லண்ட்ஸிலிருந்து திரும்பி வர 5 வெள்ளி. அதே பெட்டி, அதே தண்டவாளம், அதே ஐந்து நிமிடம். வரும்போது மட்டும் மூன்று மடங்குக்கு மேல் விலை. அந்த டிக்கெட்டும் நாட்கணக்கில் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும், அது வேறு கதை.

இந்த ஐந்துக்கும் அந்த ஐந்துக்கும் வித்தியாசமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. என் அப்பா குலாய்ப் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிங்கப்பூரில் தேக்கா போனால், தோட்டத்தில் வாங்கிய சம்பளத் தாளையே கடையில் நீட்டுவாராம். இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்று செல்லுபடியாயிற்று. 1973 மே மாதத்தில் அந்த ஏற்பாடு முடிந்தது. (புருணை டாலரைச் சிங்கப்பூரில் இன்றும் ஒன்றுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்கிறார்கள். அப்பாவுக்குக் கடைசிவரை அந்தப் பொறாமை இருந்தது.) நான் வேலைக்குச் சேர்ந்த 2003-இல் ஒரு வெள்ளிக்கு 2.2 ரிங்கிட் அளவில் கிடைத்தது. 2024 தொடக்கத்தில் 3.5-ஐத் தாண்டியது. பிறகு இறங்கி 2025-இல் 3.3-ஐ ஒட்டி நின்றது.

2024-இல் அந்த 3.5 வந்த வாரம், நான் வழக்கமாகப் பணம் மாற்றும் பாய் கடையில் வரிசை படி இறங்கித் தெருவரை நின்றது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. சொந்த நாட்டுப் பணம் இன்னும் கொஞ்சம் விழட்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டு நிற்பவர்களில் நானும் ஒருவன். அன்று சாயங்காலம் அக்கா கடைக்குப் போனேன். இந்தியாவிலிருந்து வரும் பருப்பும் மிளகாயும் விலை ஏறிவிட்டன என்று அவள் புலம்பிக்கொண்டிருந்தாள். என் சிரிப்பும் அவள் புலம்பலும் ஒரே காரணத்தால் வந்தவை என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

சரி, தம்பியின் கணக்குக்கு வருகிறேன். இது என் செலவை வைத்துப் போடுவது, உங்களுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். 2,100 வெள்ளியில் மதியச் சாப்பாடு, காலைக் காப்பி என்று மாதம் 150 வெள்ளி போய்விடும். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகலாம். விடியற்காலை நாலு மணிக்குக் கட்டிய சோறு மதியம் பன்னிரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பெட்ரோல், சிங்கப்பூர் நுழைவுக் கட்டணம், டயர், சங்கிலி, இரண்டு நாட்டுக் கைப்பேசி எண் எல்லாம் சேர்த்து இன்னொரு 150. மீதி 1,800 வெள்ளி, அதாவது 5,940 ரிங்கிட். நகரத்துக்கு அருகில் வீடு பார்த்தால் வாடகையே விழுங்கிவிடும். மாசாய், பாசிர் கூடாங் என்று தள்ளிப்போனால் குறையும், ஆனால் தூக்கமும் குறையும். 1,300 ரிங்கிட் வாடகை என்று வைத்தாலும் கையில் 4,600-க்கு மேல் நிற்கும்.

இதே வேலைக்கு ஜொகூர் பாருவில் 2,500 ரிங்கிட் தருவார்கள். அதோடு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு ஊழியர் சேமநிதியில் போடுவார். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இல்லாமல் வேலை அனுமதியில் இருக்கும் நமக்கு மத்திய சேமநிதி கிடையாது. சம்பளம் முழுதாகக் கைக்கு வருகிறது என்று முதல் ஆண்டு நான் துள்ளினேன். ஒன்பது ஆண்டு கழித்து, ஊரிலேயே இருந்துவிட்ட என் பள்ளித் தோழன் தன் சேமநிதி அறிக்கையைக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. என் கணக்கில் பழைய வேலையில் சேர்ந்த சில்லறை மட்டும் அப்படியே கிடந்தது. நாமாகப் போய்ச் சேமநிதியில் கட்ட வழி இருக்கிறது. நான் 2012-இல்தான் கட்டத் தொடங்கினேன். நீங்கள் முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் கழிக்க வேண்டும். போக, வர எனக்குச் சராசரியாக நாலரை மணி நேரம். மாதம் 26 நாள் என்றால் 117 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் பதினாலு நாளுக்கு மேல் வருகிறது. என் மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது, பள்ளியில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னதற்கு, "அப்பா சோபாவில் தூங்குவார்" என்று முதல் வரி எழுதினாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே காட்டினார். நானும் சிரித்தேன்.

ஆக, தனிமனிதக் கணக்கில் லாபம்தான். ஆனால் நீங்கள் குடியேறப்போகும் ஊர் எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் அக்கா தாமான் ஜொகூர் ஜெயாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் ஆறு ஆண்டு வேலை பார்த்த பெண் ஒரு நாள் வந்து, "அக்கா, உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே தட்டுக் கழுவவே 1,700 வெள்ளி தருகிறார்கள்" என்றாள். அக்கா கொடுத்தது 2,200 ரிங்கிட். என்ன சொல்லித் தடுக்க முடியும்? போய் வா என்று ஒரு சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அடுத்து வந்தவர் நாலு மாதம் நின்றார். ஜொகூர் பாருவில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். தொழில் பழக்குவது இங்கே, பழகிய கை போவது அங்கே.

வார இறுதியில் கதை தலைகீழ். சிங்கப்பூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து முடி வெட்டி, கார் கழுவி, பல் பார்த்து, மளிகை வாங்கி, அக்கா கடையில் இலை போட்டு உட்காருவார்கள். ஜொகூரில் பத்தாண்டுகளுக்கு மேல் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும்தான் விடுமுறையாக இருந்தன. 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறு என்று மாறியதும் இரு பக்கத்துக் கூட்டமும் ஒரே நாளில் மோதத் தொடங்கிவிட்டது. அக்கா சாப்பாட்டு விலையை 14 ரிங்கிட்டாக ஏற்றியபோது, சிங்கப்பூர் வாடிக்கையாளர் நாலே கால் வெள்ளிதானா என்று இன்னொரு மீன் வறுவல் கேட்டார். எதிர் மேசையில் இருந்த உள்ளூர் ஆசிரியர் பில்லை இரண்டு முறை பார்த்தார். அவர் வருவது இப்போது குறைந்துவிட்டது. வெள்ளி சம்பாதிக்காமல் ஜொகூர் பாருவில் வாழ்கிறவர்கள்தான் இந்த ஊரில் உண்மையில் சிரமப்படுகிறவர்கள் என்பது என் கருத்து. என்னைப் போன்றவர்கள் கொண்டுவரும் பணமும் சேர்ந்துதான் அவர்கள் வாடகையை ஏற்றுகிறது.

இரண்டு அரசாங்கங்களுக்கும் இந்த விலை வித்தியாசம் தீராத தலைவலி. சிங்கப்பூர்க் கார் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்று 1991-லிருந்து விதி இருக்கிறது. இல்லாவிட்டால் இங்கே மலிவாக நிரப்பிக்கொண்டு போய்விடுவார்களே. மலேசியா தன் பங்குக்கு, மானிய விலை ரோன்95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு விற்கக் கூடாது என்று 2010-இல் தடை போட்டது. இன்றும் யாராவது சிங்கப்பூர்க் காருக்கு ரோன்95-இன் மஞ்சள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அவ்வப்போது சுற்றி வரும், நாலு நாள் திட்டித் தீர்ப்பார்கள்.

சிங்கப்பூர் நம்மை நம்பியிருப்பதும் உண்டு. பாலத்தை ஒட்டிப் பெரிய தண்ணீர்க் குழாய்கள் போகும். 1962 ஒப்பந்தப்படி நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை ஜொகூர் ஆற்று நீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம், ஆயிரம் கேலனுக்கு 3 சென், 2061 வரை. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, கோழிச் சோற்றுக் கடைகளில் கவலையோடு பேசிக்கொண்டதை நானே கேட்டேன். அவர்கள் தின்ற கோழியில் மூன்றில் ஒரு பங்கு அப்போது நம்மிடமிருந்து போனது.

பாலம் மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் 18 முதல் எல்லை மூடல் என்று இரண்டு நாள் முன்பு இரவு அறிவிப்பு வந்தது. 17-ஆம் தேதி நான் நாலு சட்டையோடு ஒரு பையை மாட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். ஆறு பேர் தங்கும் அறையில் இடம் கிடைத்தது. ஆகஸ்டில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்: 90 நாள் வேலை செய்தால் வீட்டுக்குப் போய்வரலாம். போனால் ஜொகூரிலும் தனிமைப்படுத்தல், திரும்பினால் சிங்கப்பூரிலும் தனிமைப்படுத்தல். ஒரு முறை போய்வந்தேன். 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பஸ் விட்டபோது நாளுக்கு ஒவ்வொரு பக்கமும் 1,440 இருக்கைகள்தான். மூன்று லட்சம் பேர் கடந்த பாலத்தில் 1,440.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஜொகூர் பாரு எப்படி இருந்தது என்று அக்கா சொல்லித்தான் தெரியும். பணம் மாற்றும் கடைகளின் விலைப்பலகையில் எண்ணே இல்லை. அவள் கடை வரிசையில் ஒன்பது கடைகளில் ஐந்து போய்விட்டன. அவள் நகையை வைத்துச் சமாளித்தாள். 2022 ஏப்ரல் 1 நள்ளிரவு பாலம் முழுதாகத் திறந்தபோது, ஒலிப்பானை அடித்துக்கொண்டு கடந்த மோட்டார்க் கூட்டத்தில் நானும் இருந்தேன். வீட்டு வாசலில் மகள் நின்றாள். என் தோளுக்கு வளர்ந்திருந்தாள்.

கடைசியாக, தம்பி கேட்ட அந்தப் புது ரயில். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம், இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் ஏறும் இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். 2026 இறுதியை ஒட்டி ஓடத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பெரிய வரம், சந்தேகமே இல்லை. புக்கிட் சாகாருக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் வரம்தான். வாடகையை இப்போதே ஏற்றிவிட்டார்கள். உங்கள் வேலை செனோக்கோவில் என்பதால் உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கி இன்னும் ஒரு பஸ் பிடிக்க வேண்டும். எனக்கோ மாசாயிலிருந்து புக்கிட் சாகார் வந்து, மோட்டாரை நிறுத்த இடம் தேடி, ரயில் ஏறி, அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு வழிக்கு அரை மணி நேரம் மிஞ்சலாம். அந்த அரை மணி நேரத் தூக்கத்துக்கு ரயில் கட்டணம் கொடுக்கலாமா என்று மனைவியோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். மோட்டாரை இப்போதைக்கு விற்பதாக இல்லை.