பாய்சனா, பிளாக் ஆர்க்கிடா?

கேள்வி: அடுத்த மாதம் என் அண்ணன் மகளுக்கு ரிசப்ஷன். ஏர்போர்ட் கடையில் டியோரின் பாய்சன், டாம் ஃபோர்டின் பிளாக் ஆர்க்கிட் என்ற இரண்டு சென்ட்டையும் முகர்ந்து பார்த்தேன், இரண்டும் பிடித்துப் போயிற்று. ஒன்றுதான் வாங்க முடியும். அன்று பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. எதை வாங்கட்டும்?
– கோவை வாசகி

பதில்: தலையில் மல்லிகை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. பிளாக் ஆர்க்கிட் வாங்குங்கள்.

பாய்சன் எனக்கு உயிர். 1985-இல் வந்தது, அதன் நடுவில் இருப்பது நம் மாலைகளில் தொடுக்கிற அதே சம்பங்கிதான், கூடவே பிளம் பழம், தேன், கொத்தமல்லி விதை. பூட்டிய அறையில் சம்பங்கி மாலையை ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால் குப்பென்று ஒன்று முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு வாசனை. பக்கத்தில் மல்லிகை இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், ஏசி மண்டபத்தில் உங்களுக்கே தலைவலி வந்துவிடும். இன்னொன்று, சம்பங்கி சிலருக்குக் கல்யாண மாலையை ஞாபகப்படுத்தும், சிலருக்கு இழவு வீட்டு மாலையை. ரிசப்ஷனுக்கு அது வேண்டாமே.

பிளாக் ஆர்க்கிட் 2006-இல் வந்தது, ஃபேஷன் வடிவமைப்பாளர் டாம் ஃபோர்ட் தன் சொந்தப் பெயரில் கொண்டுவந்த முதல் வாசனை. பெயரில் பூ இருந்தாலும், அடித்ததும் முதலில் வருவது ட்ரஃபிள் என்கிற மண்ணடிக் காளானின் வாசனை, மழைக்குப் பிறகு தோட்டத்து மண்ணைக் கிளறினால் வருவது மாதிரி. கொஞ்சம் பொறுத்தால் இலாங் இலாங் பூ எழும், அது நம் மனோரஞ்சிதத்தின் குடும்பம். அப்புறம் மணிக்கணக்காகத் தங்குவது சாக்லேட்டும் பச்சௌலி என்கிற வாசனை இலையும். மல்லிகைக்கு அடியில் ஈர மண் இருந்தால் எப்படியோ அப்படிப் பொருந்தும், போட்டிக்கு வராது.

ஆனால் என் பேச்சை மட்டும் நம்பிப் பணத்தைப் போடாதீர்கள். கடையில் பேப்பர் பட்டையில் முகர்ந்தது ஆரம்ப வாசனை மட்டும்தான். ஒருநாள் சாயங்காலம் தலையில் பூவோடு போய் இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் இன்னொன்று அடித்துக்கொண்டு, தேய்க்காமல், மூன்று நான்கு மணி நேரம் உங்கள் வேலையைப் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எந்தக் கையை மறுபடி மறுபடி மூக்கருகே கொண்டுபோகிறீர்களோ, அதுதான் உங்களுடையது. பாய்சனுக்கு டெஸ்டர் கேட்கும்போது ஊதா நிறப் புட்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஹிப்னாடிக் பாய்சன், ப்யூர் பாய்சன் எல்லாம் வேறு வாசனைகள்.

அன்றைக்குப் புடவை கட்டுவதற்கு முன்பே கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று அடித்து உலர விடுங்கள். பட்டில் பட்டால் கறை லேசில் போகாது. கைப்பையில் வைத்துக்கொண்டு நடுவில் மறுபடி அடிக்கவும் வேண்டாம், நம் மூக்குக்குப் பழகிவிட்டாலும் எதிரே நிற்பவருக்கு அது வந்துகொண்டுதான் இருக்கும்.

பாய்சன் ஆசை போகவில்லை என்றால் பிறகு ஒரு சின்னப் புட்டி வாங்கி வையுங்கள். பூ வைக்காமல், காட்டன் புடவையில், குளிர் காலத்தில் மொட்டை மாடியில் நாலு பேரோடு சாப்பிடப் போகிற நாளில், பின்கழுத்தில் ஒரே ஒரு தடவை.