சிக்கு விழுந்த படம்

மதிப்பிற்குரிய ஐயா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் முப்பது ஆண்டு பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கருவியை வைத்து, டி.என்.ஏ.வின் உறவான ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் ஒரு புரதத்தை ஆராய்கிறாள். ஓணம் விடுமுறைக்கு வந்தபோது ஆய்வேட்டைக் காட்டினாள். புரதத்தின் வடிவம் என்று ஒரு படம். ஒரு கோடு இல்லை, இருபது கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவில் சேர்ந்து போகின்றன. ஒரு முனையில் மட்டும் சீப்பு படாத தலை மாதிரி பிரிந்து கிடக்கின்றன. இதில் எது சரி என்று கேட்டேன். "எல்லாமே சரிதான் அம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் பற்றிய உங்கள் கட்டுரையில் எக்ஸ்ரே மூலம் தெளிவான ஒரே படம் எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் என் மகள் செய்வது இரண்டாந்தர வேலையா? ஆறு வருடம் போய்விட்டது. அவளிடமே இதைக் கேட்க மனம் வரவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

இரண்டாந்தர வேலை இல்லை. பிழை என்னுடையது. "படம் எடுத்தார்கள்" என்று எழுதியது என் சோம்பேறித்தனம். வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் பெற்றுத் தந்த அந்த வேலையில் யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ்ரே சிதறி விழுந்த புள்ளிகளிலிருந்து வடிவத்தைக் கணக்கிட்டார்கள். படிகத்துக்குள் மூலக்கூறுகள் காலை அசெம்ப்ளியில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள். உங்கள் மகளுடையவை இடைவேளை மணி அடித்த பிறகு மைதானத்தில் ஓடுகிறவை.

அவள் தினமும் கையாள்வது ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே அரை மில்லி திரவம். பார்த்தால் வெறும் தண்ணீர். இளவயதில் அப்படிப்பட்ட ஆய்வகம் ஒன்றில் மூன்று ஆண்டு எடுபிடியாக இருந்தேன். திங்கட்கிழமைதோறும் காந்தத்துக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவது என் பொறுப்பு. ஆளுயரத்துக்கும் மேலான உலோகப் பாத்திரம் அது. உள்ளே மின்தடையே இல்லாத மீக்கடத்திக் கம்பிச் சுருள், அதைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம், சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி. அதற்கு வெளியே உறையாக நைட்ரஜன், கீழே 196. ஊற்றும்போது வெண்புகை வழிந்து தரையெல்லாம் தவழும். ஒருநாள் கையுறை போடாமல் ஓர் ஆர்.என்.ஏ. குழாயின் மூடியைத் திறந்துவிட்டேன். நம் தோலிலேயே ஆர்.என்.ஏ.வை வெட்டுகிற நொதி இருக்கிறது. மறுநாள் நிறமாலையில் முகடுகள் குலைந்து கிடந்தன. ஒரு மாணவி நான்கு மாதம் பாடுபட்டு உண்டாக்கியது அது. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. உங்கள் மகளின் ஆறு வருடத்தில் பாதி இப்படித்தான் கரைந்திருக்கும்.

இனி அந்த இருபது கோடுகள். ஹைட்ரஜனின் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால், தன் அக்கம்பக்கத்துக்கு ஏற்றபடி ஒவ்வொன்றும் சற்றே வேறான சுருதியில் பதில் தரும். ஒன்றைச் சீண்டினால், சுமார் ஐந்து ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தொலைவுக்குள் இருக்கும் இன்னொன்றின் குரலும் மாறும். தொலைவு இருமடங்கானால் அந்த மாற்றம் 64இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே மாற்றம் தெரிந்தால், இரண்டும் அருகருகே இருக்கின்றன என்று பொருள். இப்படி நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரத்துக்கு மேற்பட்ட சோடிகள். கையில் இருப்பது இந்தத் தொலைவுகள்தான், படம் அல்ல.

உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சித்தூர், வேலந்தாவளம், பாலக்காடு, பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களைச் சொல்லி, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எவ்வளவு தூரத்துக்குள் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் கொடுத்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். வரைந்துவிடுவார்கள். ஆனால் "இத்தனை கிலோமீட்டருக்குள்" என்றுதானே கொடுத்திருக்கிறீர்கள்? ஆளுக்கு ஆள் சற்று மாறும். ஒன்றுகூடப் பட்டியலை மீறியிருக்காது. (ஒரு குறும்புக்காரப் பையன் பொள்ளாச்சியை மேற்கிலும் பாலக்காட்டைக் கிழக்கிலும் போட்டு, கண்ணாடியில் தெரிவது போல வரைந்தாலும் தொலைவுகள் பொருந்தும். புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் இடக்கை வகை என்பது முன்பே தெரிந்திருப்பதால் புரதத்தில் அந்தக் குறும்பு நடக்காது.) நல்ல வரைபடங்கள் இருபதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பல ஊர்களோடு தூரம் தெரிந்த ஊர் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் விழும். ஒரே ஒரு தூரம் மட்டும் தெரிந்த ஊர் தாளுக்குத் தாள் அலையும். உங்கள் மகள் காட்டிய படம் அதுதான்.

சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. சுவிட்சர்லாந்து விஞ்ஞானி கர்ட் வூத்ரிச்சின் குழு 1980களின் நடுவில் இந்த முறையில் முதன்முதலாக ஒரு புரதத்தின் வடிவத்தைச் சொன்னபோது, ஏற்கெனவே தெரிந்த வேறொரு புரதத்தைப் பார்த்து வரைந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. பிறகு டெண்டமிஸ்டாட் என்ற 74 அமினோ அமிலப் புரதத்தை வூத்ரிச் கரைசலிலும் ராபர்ட் ஹூபர் படிகத்திலும் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். விடைகள் பொருந்தின. வூத்ரிச்சுக்கு 2002இல் நோபல் கிடைத்தது.

ஆய்வேட்டைப் புரட்டினால் கட்டத்துக்குள் தீவு தீவாக நிழலிட்ட இன்னொரு படமும் இருக்கும். அது ராமச்சந்திரன் வரைபடம். எறணாகுளத்தில் 1922இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரு சக ஆய்வாளர்களோடு 1963இல் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை அது சொல்லும். எக்ஸ்ரே வடிவமோ என்.எம்.ஆர். வடிவமோ, முன்பெல்லாம் வாளையார் சோதனைச்சாவடியில் லாரி நின்றது போல அங்கே நின்றுதான் போக வேண்டும்.

பிரிந்து கிடக்கும் முனைக்கு வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதத்தில் உங்கள் ஊர்ப் பனையைப் பாருங்கள். அடிமரம் நிற்கும், ஓலை நிற்காது. முனையும் அப்படி உண்மையிலேயே ஆடிக்கொண்டிருக்கலாம். ஆனால் கோடுகள் பிரிந்திருப்பதை மட்டும் வைத்து ஆடுகிறது என்று சொல்லிவிட முடியாது. தரவு போதாமல்கூடப் பிரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. எனக்கு அவற்றைப் பார்த்தால் எரிச்சல் வரும். அசைவைத் தனியாக அளக்க வேண்டும். நைட்ரஜன்-15 என்ற சற்றே கனமான நைட்ரஜனை ஊட்டிய பாக்டீரியாவில் புரதத்தை வளர்த்து, சீண்டப்பட்ட நைட்ரஜன் கரு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத் தளர்வு அளவீடு என்று பெயர்.

ஆர்.என்.ஏ. இதைவிடப் படுத்தும். புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள், ஆர்.என்.ஏ.வில் நான்கே எழுத்துகள், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆனால் அதன் ஆட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. எச்.ஐ.வி.யின் ஆர்.என்.ஏ.வில் டார் என்றொரு கொண்டை ஊசி வளைவு. அதன் ஒரு பக்கம் மூன்று எழுத்துகள் இணையில்லாமல் புடைத்து நிற்கும். தனியாக இருக்கும்போது அந்த இடம் வளைந்து, நெகிழ்ந்து கிடக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் உறவான ஒரு சின்னஞ்சிறு மூலக்கூறு வந்து ஒட்டியதும், புடைப்பு மடிந்து இரு பக்கத் தண்டுகளும் நேராகிவிடுவதை 1992இல் என்.எம்.ஆர். காட்டியது. வந்து ஒட்டுகிறவரைக்கும் அந்த வடிவம் அங்கே நிலைத்திருக்கவில்லை.

ஆகவே மகளிடம் எது சரி என்று கேட்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். முனையின் தளர்வை அளந்தாயா? ஆர்.என்.ஏ. வந்து சேர்ந்த பிறகும் அது இப்படித்தான் பிரிந்து கிடக்கிறதா? இந்த முறை எழுந்து போகமாட்டாள். அவள் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.