டைனோஜெஸ்ட் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. மாதவிலக்கு வலி தாங்காமல் ஸ்கேன் எடுத்ததில், இடது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்கிய கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) என்றார்கள். டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி. தினமும் ஒன்று என இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். வலி ஓரளவு குறைந்திருக்கிறது, ஆனால் விட்டுவிட்டுக் கறைபடுகிறது. ‘இந்த மாத்திரையால் கரு தங்காமல் போய்விடும்’ என்று மாமியார் பயப்படுகிறார். அடுத்த வருடம்தான் குழந்தைக்குத் திட்டம். இதை நிறுத்திவிட்டு, வலிக்கும்போது மட்டும் மெஃபனமிக் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இப்போது நிறுத்த வேண்டாம். டைனோஜெஸ்ட் தொடங்கிய முதல் சில மாதங்களில் கறைபடுவது சகஜம். போகப்போகக் குறையும், பலருக்கு மாதவிலக்கே வராது, அதிலும் கெடுதல் இல்லை. மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. வேளை தவறினால் கறை அதிகமாகும் என்பதால் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். மணிக்கொரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனால் மட்டும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்: மாத்திரை சாப்பிடும்வரைதான் சினைமுட்டை வெளிவருவது தடைபடும். நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு மாதங்களில் பழையபடி வரத் தொடங்கும். அதற்காக இதையே கருத்தடை மாத்திரையாக நம்பிவிடாதீர்கள், ஆணுறை தேவை. நான் அதிகம் கவலைப்படுவது மனநிலையைப் பற்றித்தான். காரணமில்லாமல் அழுகை வந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அடுத்த செக்கப்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி மெஃபனமிக். அது வலியை அடக்குமே தவிர எண்டோமெட்ரியோசிஸைத் தொடாது. டைனோஜெஸ்டும் அதை வேரோடு அழிப்பதில்லை, ஆனால் வளரவிடாமல் அமுக்கி வைக்கும். ஆகவே டைனோஜெஸ்டுக்கு மெஃபனமிக் மாற்றல்ல, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தாங்கும் மட்டும் தாங்கிவிட்டு, துவண்டு விழும் நேரத்தில் மாத்திரையைத் தேடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் இம்மருந்து தடுக்கிறது. ஏற்கெனவே ஊறிவிட்டதை அகற்றாது. ஆகவே வலி தலைகாட்டியதுமே சாப்பாட்டுக்குப் பின் 500 மி.கி., தேவைப்பட்டால் நாளுக்கு மூன்று வேளை, இரண்டு மூன்று நாட்களுக்குப் போடலாம். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிழுப்பு (ஆஸ்துமா) வந்த அனுபவம் இருந்தால் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் டைக்ளோஃபெனாக்கையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டும் ஒரே இனம். போதவில்லை என்றால் பாராசிட்டமால் சேர்க்கலாம். மெஃபனமிக்கால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 இறுதியில், மருந்துகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான இந்தியன் பார்மகோபியா கமிஷன் எச்சரித்தது. தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

டைனோஜெஸ்டால் மாதவிலக்கு நின்ற பிறகும் தினசரி வலித்தால் வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. நீண்ட நாள் வலியில் நரம்புகளே உணர்திறன் கூடிப்போயிருக்கலாம். அப்போது சிலருக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் (நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் மருந்து), இடுப்புத்தளத் தசைகளுக்குப் பிசியோதெரபி என்று வழி மாறும்.

குழந்தைக்கு முயலும்போது டைனோஜெஸ்டை நிறுத்தியாக வேண்டும். அந்த மாதங்களில் மெஃபனமிக்கை மாதவிலக்கு நாட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சினைமுட்டை வெளிவரும் நாட்களில் அது இடைஞ்சல் செய்யக்கூடும், அப்போதைய வலிக்கு பாராசிட்டமால். ஏற்கெனவே சிஸ்ட் இருப்பதால், ஆறு மாதம் முயன்றும் கரு நிற்காவிட்டால் ஒரு வருடம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் மகப்பேறின்மை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.