கேஸ் ஏற்றும் முன் காயிலைப் பாருங்கள்

கேள்வி: எங்களுடையது டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். பெங்களூரா மாம்பழக் கூழைப் பாக்கெட் போட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தோம். இப்போது இறுகாமல் தொளதொளவென்று கிடக்கிறது. கீழ்ப்பகுதியில் குளிர்ச்சியே இல்லை. கம்ப்ரஸர் ஓடுகிறது. மெக்கானிக் 'கேஸ் போயிடுச்சு, ஏத்தணும்' என்கிறார். ஏற்றலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பொறுங்கள். ஃப்ரிட்ஜ் கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோவதில்லை. எங்கேயாவது கசிந்தால்தான் குறையும். ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால் காசுதான் போகும்.

முதலில் பாக்கெட்டுகள் காற்றுத் துளைகளை மறைக்காமல் ஒதுக்குங்கள். கதவைத் திறந்து, கதவு சுவிட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான மாடல்களில் உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரீசரின் உள்பக்கப் பின் பேனலைக் கழற்றச் சொல்லுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. குளிர்விக்கும் குழாய்ச் சுருள்தான் காயில். அது முழுக்க மெல்லிய வெண்பனி இருந்தால் கேஸ் சரி; ஃபேனைப் பாருங்கள். முதல் ஓரிரு வரிசையில் மட்டும் பனி, மற்றது வறண்டிருந்தால் கேஸ் குறைவு. மொத்தமும் ஐஸ் கட்டியாக மூடியிருந்தால், பனியை அவ்வப்போது உருக்கும் டீஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இதற்கே வாய்ப்பு அதிகம். ஐஸ் அடைத்தால் காற்று கீழே இறங்காது.

கத்தியால் சுரண்டாதீர்கள், காயில் ஓட்டையானால் அப்போது உண்மையாகவே கேஸ் போய்விடும். கதவைத் திறந்துபோட்டு ஒரு நாள் விடுங்கள். மறுபடி ஓட்டி, சில நாள் நன்றாகக் குளிர்ந்து பிறகு பழையபடி ஆனால் சந்தேகமே வேண்டாம்: பனியை உருக்கும் ஹீட்டர், சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ், குளிர்ந்தால் மட்டும் இணையும் சுவிட்சான பைமெட்டல், டைமர் அல்லது போர்டு, இவற்றில் ஒன்றுதான். மல்டிமீட்டரில் ஃபியூஸ் எப்போதும் தொடர்பு காட்ட வேண்டும். பைமெட்டல் அப்படியல்ல, அறை வெப்பத்தில் திறந்தே இருக்கும். இது தெரியாமல் நல்ல பைமெட்டலைத் தூக்கிப் போடுகிறவர்கள் அநேகம். நுணுக்கிய ஐஸில் கல்லுப்பு கலந்து, பைமெட்டலைப் பாலித்தீன் கவரில் சுற்றி அதற்குள் புதைத்து வைத்துவிட்டு அளந்தால் தொடர்பு காட்டும். ஃபியூஸ் போயிருந்தால் ஒயரை நேரடியாக முறுக்கிவிடச் சம்மதிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

கூழில் ஐஸ் துகள் மிச்சமிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். சாயங்காலமானால் பின்னால் 'டக்' என்கிறது, சற்று நேரத்தில் மறுபடி 'டக்'. ஃப்ரீசரில் தண்ணீர்கூட உறைவதில்லை.
– வாசகர், பென்னாகரம்

பதில்: கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல், அதைக் காக்கும் ஓவர்லோட் சுவிட்ச் கரண்டை நிறுத்தும் சத்தம் அது. கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும்; லைன் கடைசியில் உள்ள வீடுகளில் வோல்டேஜ் அப்போது சரியும். அதே பாயிண்டில், 'டக்' கேட்பதற்குச் சற்று முன் அளந்து பாருங்கள். 180-க்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் தேவை. வோல்டேஜ் சரியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலேயைக் கழற்றிக் குலுக்குங்கள். கலகலவென்றால் உள்ளே வில்லை உடைந்திருக்கிறது. அதே நம்பர் ரிலேதான் வாங்க வேண்டும்.

கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது எரியும் வாயு. கேஸ் வேலை வந்தால் அடுப்பங்கரையில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். ஃபில்டரை மாற்றி, வேக்கம் போட்டு (உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குக்குத் தராசில் வைத்து ஏற்றுகிறவரிடம் மட்டும் கொடுங்கள்.